ஒரு ராத்திரி இடிந்த சுவரும் ஏழு வருஷக் கசிவும்

கேள்வி: பவானிக்குப் பக்கத்தில் நானும் என் மைத்துனரும் சிறிய சாயப்பட்டறை நடத்துகிறோம். போன ஐப்பசி மழையில் ஒருநாள் நடுராத்திரி கழிவுநீர்த் தொட்டியின் வடக்குச் சுவர் இடிந்து, இருந்த தண்ணீர் மொத்தமும் வாய்க்கால் வழியாகப் பக்கத்துத் தோட்டங்களுக்குள் இறங்கிவிட்டது. மஞ்சள் காடு போனது, மூன்று கிணறுகள் உப்பேறிவிட்டன. மறுநாள் காலையிலேயே இன்சூரன்ஸ் ஏஜென்டுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியது மூன்று வாரம் கழித்து. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 6 லட்சம் ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு கட்டச் சொல்கிறது. தை மாதம் மூன்று விவசாயிகள் 18 லட்சம் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார்கள். 'ஏழு ஆண்டுகளாகவே கசிகிறது' என்று அதில் இருக்கிறது. பொதுப் பொறுப்பு பாலிசி (நம் தொழிலால் பிறருக்கு நேரும் சேதத்துக்கான இன்சூரன்ஸ்) வைத்திருக்கிறோம், திடீர் மாசுக்கான கூடுதல் பாதுகாப்புக்கும் ப்ரீமியம் கட்டியிருக்கிறோம். இருந்தும் க்ளெய்மை நிராகரித்துவிட்டார்கள். கடிதத்தில் மூன்று காரணம்: மாசு திடீரென நடந்ததல்ல, படிப்படியானது; வாரியம் போட்டது அபராதம்; பட்டறை நடத்த வாரியம் தரும் இசைவாணை சம்பவத்தன்று காலாவதி. 'லேட்டாகத் தகவல் சொன்னீர்கள்' என்று போனில் நான்காவதாக ஒன்றும் சொல்கிறார்கள். பாலிசி மார்ச் 31-ல் முடிகிறது. ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடித்துவிடலாமா, கேஸ் போடலாமா?

பதில்: ஊர்ப் பேச்சை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய நான்கு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். விவசாயிகளின் நோட்டீஸ் ஏழு வருஷக் கதை சொல்கிறது. வாரியத்தின் உத்தரவு 60 நாள் கதை சொல்கிறது. சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் நிறுவனம் அனுப்பிய சர்வேயரின் அறிக்கை 'நீண்டகாலக் கசிவின் முடிவில் சுவர் சரிந்தது' என்று இரண்டையும் கலந்து ஒரு கதை சொல்கிறது. உங்கள் வக்கீல் தயாரித்த பதில் நோட்டீஸின் வரைவு, 'அந்தக் கிணறுகள் பத்து வருஷமாகவே உப்பு' என்று ஆரம்பிக்கிறது. ஐப்பசி ராத்திரி எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்பதை மட்டும் யாரும் எழுதவில்லை. உங்கள் வழக்கின் பலமோ பலவீனமோ முழுக்க அந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது.

பாலிசியின் வாசகத்திலிருந்து தொடங்குவோம். சாதாரணப் பொதுப் பொறுப்பு பாலிசியில் மாசு என்பது விலக்குப் பட்டியலில் இருக்கும். நீங்கள் தனியாகப் பணம் கட்டி வாங்கிய இணைப்பு அந்த விலக்கில் ஒரு சின்ன வாசலைத் திறக்கிறது. நிகழ்வு திடீரென நடந்திருக்க வேண்டும், இன்னதென்று அடையாளம் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும், எதிர்பாராததாக இருக்க வேண்டும், முழுக்க ஒரு குறிப்பிட்ட நேரத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் நடந்து முடிந்திருக்க வேண்டும். உங்கள் பாலிசியில் இந்த நான்கும் இருக்கின்றன. இவ்வளவு இறுக்கமாக எழுதுவதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவில் 1970களின் பாலிசிகள் 'திடீர் மற்றும் விபத்து' என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றன. 1980-ல் பழைய ரசாயனக் குப்பைமேடுகளைச் சுத்தம் செய்யும் செலவைத் தொழிற்சாலைகள் தலையில் கட்டும் மத்தியச் சட்டம் வந்ததும், அந்த இரண்டு வார்த்தைக்காகக் கோடிக்கணக்கான டாலர் வழக்குகள் கிளம்பின. சில மாநில நீதிமன்றங்கள் 'திடீர்' என்றால் எதிர்பாராதது, அது வருஷக்கணக்காக நடந்தாலும் சரி என்றன. வேறு சில, இல்லை, சட்டென்று நடந்தால்தான் திடீர் என்றன. வெறுத்துப்போன நிறுவனங்கள் 1986 வாக்கில் மாசையே ஒட்டுமொத்தமாக விலக்கி எழுதிவிட்டன. அந்தச் சண்டையிலிருந்து பாடம் கற்று எழுதிய வாசகம்தான் இன்று உங்கள் கையில் இருப்பது. அதனால் 'திடீர் என்ற சொல்லில் குழப்பம் இருக்கிறது, குழப்பம் இருந்தால் எழுதியவருக்கு எதிராகவே பொருள் கொள்ள வேண்டும்' என்ற வாதத்தை அதிகம் நம்ப வேண்டாம். அந்தக் கொள்கை நம் உச்ச நீதிமன்றம் 1966-லிருந்து ஒப்புக்கொண்டதுதான். ஆனால் குழப்பமே இல்லாத வாசகத்தில் அது வேலை செய்யாது.

உங்களுக்கு அதைவிட நல்லதாக நிகழ்வே கைகொடுக்கிறது. சுவர் இடிவது என்பது ஒரு நேரத்தில், ஒரு இடத்தில் நடப்பது. இதைவிடத் தெளிவான 'திடீர்' சாயப்பட்டறை க்ளெய்ம்களில் வருவது அபூர்வம்.

அப்படியிருந்தும் ஏன் படிப்படி என்கிறார்கள்? ஒரு பாதி பழக்கதோஷம். சாயப்பட்டறை என்றாலே இன்சூரன்ஸ்காரர்களின் கண் முன்னால் நொய்யல்தான் வரும். 1992-ல் பாசனத்துக்காகக் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாகிப் போனது, ஆயக்கட்டு விவசாயிகள் உயர் நீதிமன்றம் போனது, 2006 டிசம்பரில் அந்த நீதிமன்றம் வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் பைசாக் கணக்கில் தண்டம் விதித்தது, 2009-ல் உச்ச நீதிமன்றம் அதை ஆதரித்தது, கடைசியில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ப் பட்டறைகளை மூடச் சொன்னது எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். அது உண்மையிலேயே வருஷக்கணக்கான மாசு. உங்கள் ஃபைலையும் அதே அலமாரியில் வைத்துவிட்டார்கள்.

இன்னொரு பாதி பழக்கதோஷம் இல்லை. சம்பவத்துக்கு எட்டு மாதம் முன்பு வாரியப் பொறியாளர் ஆய்வுக்கு வந்தபோது, 'வடக்குச் சுவரின் மூலையில் கசிவு காணப்படுகிறது' என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். இதை உங்கள் கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை. நிராகரிப்புக் கடிதத்தின் இணைப்பிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். சர்வேயர் தன் முடிவை முழுக்க இந்த ஒரு வரியின் மேல்தான் கட்டியிருக்கிறார். ஆகவே எனக்கும், அதைவிட முக்கியமாக உங்களுக்கும், நீங்கள் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி: அந்த ஆய்வுக்குப் பிறகு சுவரைப் பூசினீர்களா?

பூசியிருந்தால் கொத்தனாருக்குக் கொடுத்த கூலி, சிமென்ட் பில், நீர்க்கசிவுத் தடுப்புக் கலவை வாங்கிய ரசீது, சரிசெய்துவிட்டோம் என்று வாரியத்துக்கு எழுதிய பதில், எதுவாக இருந்தாலும் தேடி எடுங்கள். பழைய கசிவு ஒன்று, அது சரிசெய்யப்பட்டது. ஐப்பசி மழையில் நடந்தது வேறொன்று என்று அப்போது சொல்ல முடியும். பூசாமல் விட்டிருந்தால் நிலைமை கஷ்டம். 'எதிர்பாராதது' என்ற சொல்லை அங்கேதான் பிடிப்பார்கள். அப்போதும் வழக்கு முற்றாகப் போய்விடவில்லை: மூலையில் ஈரம் தெரிவதும் சுவர் முழுசாகச் சரிவதும் ஒன்றல்ல, ஈரத்தைப் பார்த்தவர் சரிவை எதிர்பார்த்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கட்டுமானப் பொறியாளர் ஒருவரைக் கொண்டு அஸ்திவாரத்தையும் கம்பியையும் பார்த்து, சுவர் ஏன் விழுந்தது என்று அறிக்கை வாங்குங்கள். வெளிப்பக்கம் மண் ஊறி அழுத்தியதா, உள்ளே நீர்மட்டம் அளவுக்கு மேல் ஏறியதா, கம்பி துருப்பிடித்திருந்ததா என்று அவர் சொல்லட்டும். இடிபாட்டை இன்னும் அள்ளிப் போடவில்லை என்று நம்புகிறேன். பழைய தேதி போட்டு பில் தயார் செய்துகொடுக்க ஊரில் ஆள் இருப்பார்கள். அந்தப் பக்கம் போகவே வேண்டாம். ஒரு போலி பில் கண்டுபிடிக்கப்பட்டால் மோசடி நிபந்தனையின் கீழ் முழு க்ளெய்மும் போகும், உண்மையான பாதியும் சேர்ந்து.

இப்போது உங்கள் வக்கீலின் வரைவுக்கு வருகிறேன். இதுதான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைத்தது. விவசாயிகளுக்கு எதிராக 'கிணறு முன்பே உப்பு' என்று சொல்வது வழக்கமான தற்காப்பு. ஆனால் உங்களிடம் பணம் கேட்பவர்களும், உங்களுக்குப் பணம் தர மறுப்பவர்களும் எதிரெதிர்ப் பக்கத்தில் நின்றாலும், 'ஏழு வருஷமாக' என்ற ஒரே சொல் இருவருக்கும் லாபம். விவசாயிகளுக்கு அது தொகையை ஏற்றும். நிறுவனத்துக்கு அது பொறுப்பைக் கழற்றிவிடும். நடுவில் நிற்கும் நீங்கள் மட்டும் அதில் இரண்டு முறை அடிபடுவீர்கள். அந்த வரைவின் மூன்றாவது பத்தியில் 'தொட்டியில் சிறு கசிவு எல்லாப் பட்டறைக்கும் இயல்பே' என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. சாதாரணமாக எழுதிவிட்டார். அது வெளியே போனால் நிறுவனத்தின் வக்கீல் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுவார்.

அதற்காகப் பொய் சொல்லச் சொல்லவில்லை. கிணறுகள் முன்பே உப்பாக இருந்தது உண்மையானால், எவ்வளவு உப்பு, யார் அளந்தது, எப்போது அளந்தது என்று ஆதாரத்தோடு சொல்லுங்கள். அந்த உப்புக்குக் காரணம் உங்கள் தொட்டிதான் என்று நீங்களாகவே ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. சம்பவத்துக்கு முன் இருந்த நிலை, சம்பவத்துக்குப் பின் வந்த நிலை, இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் ஐப்பசி ராத்திரியால் வந்தது என்று பிரித்துக் காட்டுவதுதான் விவசாயிகளிடமும் நியாயம், பாலிசிக்கும் பொருந்தும். நோட்டீஸில் இருப்பது குற்றச்சாட்டு மட்டுமே; 'விவசாயிகளே ஏழு வருஷம் என்கிறார்கள்' என்று நிறுவனம் அதை நிரூபணம் போலக் காட்டினால் ஏற்காதீர்கள். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால், அந்த ஒரு சம்பவத்தால் மட்டும் ஏற்பட்ட சேதம் எவ்வளவு என்பதைத் தனி எழுவினாவாக (நீதிமன்றம் முடிவு சொல்ல வேண்டிய கேள்வியாக) வகுக்கும்படி உங்கள் வக்கீல் மனு போட வேண்டும். இல்லாவிட்டால் மொத்தமாக ஒரு தொகைக்குத் தீர்ப்பாகி, அதில் எந்த ரூபாய் பாலிசிக்குள் வரும் என்று யாராலும் சொல்ல முடியாமல் போய்விடும்.

பிரித்துக் காட்டுவதற்கு ஆதாரம் நீங்கள் நினைப்பதைவிட அதிகம் கிடைக்கும். விவசாயிகளிடம் மண்வள அட்டை இருக்கும். 2015-லிருந்து வேளாண்துறை கொடுத்து வரும் அந்த அட்டையில் மண்ணின் உப்புத்தன்மையும் கார அமில நிலையும் எண்ணாகவே இருக்கும். நிலத்தடி நீர்த் துறையின் கண்காணிப்புக் கிணறு பக்கத்தில் இருந்தால் பழைய அளவுகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். உங்கள் பக்கத்தில் சுத்திகரிப்பு நிலையத்தின் தினசரிப் பதிவேடு, தொட்டி நீர்மட்டக் குறிப்பு, மின்மீட்டர் அளவு, அந்த ராத்திரி வாட்ச்மேன் யாருக்கு எத்தனை மணிக்கு போன் செய்தார் என்ற அழைப்புப் பட்டியல், சிசிடிவி பதிவு எல்லாம் வேண்டும். சிசிடிவி தானாக அழிந்துபோகும் வகை. இன்னும் எடுத்து வைக்கவில்லை என்றால் இந்தப் பதிலைப் படித்து முடிக்கும் முன் அதைக் கவனியுங்கள். அருகிலுள்ள மழைமானி நிலையத்தின் அன்றைய மழையளவுக்கும் சான்று வாங்குங்கள்.

வாரியத்தின் 6 லட்சம் தனிக் கதை. உத்தரவில் கணக்குப் போட்ட விதம் இல்லை, ஆனால் மத்திய வாரியம் வகுத்த சூத்திரத்தை வைத்துப் பின்னாலிருந்து போட்டுப் பார்த்தேன். சிவப்பு வகைத் தொழிலுக்கு மாசுக் குறியீடு 80, ஒரு நாளுக்கான ரூபாய் மதிப்பு 250, குறு, சிறு தொழில்களுக்கான 0.5, இட மதிப்பு 1. இவற்றை 60 நாளால் பெருக்கினால் சரியாக 6 லட்சம். அந்த 60 நாள்தான் சிக்கல். அது சுவர் இடிந்த நாளிலிருந்து, நீங்கள் சரிசெய்ததை வாரியம் வந்து பார்த்த நாள்வரை உள்ள கணக்கு என்றே தோன்றுகிறது. ஆனால் உத்தரவில் அப்படி எழுதவில்லை. நிறுவனமோ அதை '60 நாள் தொடர் மாசு' என்று வாசித்திருக்கிறது. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை எண்ணப்பட்டது என்று வாரியத்திடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். ஒரு வரி பதில் போதும், நிறுவனத்தின் முதல் காரணத்தில் ஒரு தூண் விழும். உத்தரவையே எதிர்க்க நினைத்தால் மேல்முறையீடு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில், 30 நாளுக்குள். அந்தக் கெடு தாண்டியிருந்தால் தாமதத்துக்குக் காரணம் காட்டி மேலும் 60 நாள்வரை கேட்கலாம், அதற்குமேல் கிடையாது.

அது அபராதமா என்ற கேள்வியில் உங்களுக்குச் சமீபத்தில் ஒரு பலம் வந்திருக்கிறது. 2025 ஆகஸ்ட் 4 அன்று டெல்லி மாசுக் கட்டுப்பாட்டுக் குழு சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம், வாரியங்கள் நீர்ச் சட்டம் 33ஏ பிரிவின் கீழ் சுற்றுச்சூழலைச் சீராக்குவதற்கான இழப்பீட்டை விதிக்கலாம் என்றது. அப்படிச் சொல்லும்போது, இழப்பீடு வேறு, தண்டனை வேறு என்று தெளிவாகப் பிரித்தது. ஆகவே 'அபராதம், தண்டனைத் தொகை விலக்கு' என்ற பாலிசி வரியில் இதைச் சேர்ப்பது இனி எளிதல்ல.

ஆனால் இதில் உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். விலக்கில் விழவில்லை என்பதால் மட்டும் ஒரு தொகை பாலிசிக்குள் வந்துவிடாது. முதலில் பாதுகாப்பு தரும் பிரிவுக்குள் அது நுழைய வேண்டும். அந்தப் பிரிவு 'மூன்றாம் நபரின் உடலுக்கோ சொத்துக்கோ நேர்ந்த சேதத்துக்கு நீங்கள் சட்டப்படி தரவேண்டிய இழப்பீடு' என்கிறது. வாரியத்துக்குக் கட்டுவது யாருடைய சொத்துச் சேதத்துக்கு? இங்கிலாந்தில் 2003-ல் பார்ட்டோலைன் என்ற நிறுவனத்தின் ஆலை தீப்பிடித்து, தீயணைப்பு நீரோடு ரசாயனம் ஓடைகளில் கலந்தது. சுற்றுச்சூழல் முகமை சுத்தம் செய்த செலவை ஆலையிடம் வசூலித்தது. ஆலை தன் பொதுப் பொறுப்பு பாலிசியில் கேட்டபோது, சட்டம் சுமத்திய துப்புரவுச் செலவு 'நஷ்டஈடு' ஆகாது என்று 2006-ல் நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. நம் நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது, ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் முதல் நாளே அதை மேசையில் வைப்பார். என் கணிப்பு: விவசாயிகளின் தொகையில் சம்பவத்துக்குரிய பங்கு கிடைக்க நல்ல வாய்ப்பு, வாரியத்தின் 6 லட்சம் கிடைக்க வாய்ப்பு குறைவு. இரண்டையும் ஒரே க்ளெய்மாகக் கட்டி, பலவீனமான பாதியால் பலமான பாதியைக் கெடுக்காதீர்கள். தனித்தனித் தலைப்பில் கேளுங்கள்.

இசைவாணை காலாவதி என்ற மூன்றாவது காரணம் பார்வைக்குப் பயமாக இருந்தாலும் உள்ளே சத்து குறைவு. பாலிசியின் விலக்கு எல்லாச் சட்ட மீறலையும் விலக்கவில்லை. 'வேண்டுமென்றே, தெரிந்தே கடைப்பிடிக்காதது' என்றுதான் சொல்கிறது. காலாவதி ஆகும் முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்து, கட்டணமும் கட்டிய ரசீது உங்களிடம் இருக்கிறது. கோப்பு வாரியத்தில் கிடந்ததை நீங்கள் வேண்டுமென்றே செய்த மீறல் என்று யாரும் சொல்ல முடியாது. விண்ணப்பம் எல்லா வகையிலும் முழுமையாக இருந்து நான்கு மாதத்தில் வாரியம் முடிவெடுக்காவிட்டால் இசைவு கொடுத்ததாகவே கருதப்படும் என்று நீர்ச் சட்டத்தின் 25(7) பிரிவு சொல்கிறது. புதுப்பித்தலுக்கும் அதை வாதமாக வைக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, விலக்கு பொருந்துகிறது என்று நிரூபிக்கும் சுமை நிறுவனத்தின் தலையில். உச்ச நீதிமன்றம் 2007-ல் இஷார் தாஸ் மதன் லால் வழக்கிலும் 2023-ல் வேதிக் ரிசார்ட்ஸ் வழக்கிலும் இதைத்தான் சொன்னது. இசைவாணைத் தாள் இல்லாததால்தான் சுவர் இடிந்ததா என்ற எளிய கேள்வியையும் சேர்த்துக் கேட்டு வையுங்கள்.

தாமதத் தகவல் பற்றிப் போனில் சொன்னதைப் போனோடு விட்டுவிடுங்கள். நிராகரிப்புக் கடிதத்தில் அது இல்லை. சர்வேயரை அனுப்பி, ஆய்வு செய்து, வேறு காரணம் காட்டி மறுத்தபின், கடிதத்தில் இல்லாத தாமதத்தைப் பிறகு தூக்கிக்கொண்டு வர முடியாது என்பது 2016-ல் கலாடா பவர் வழக்கில் வந்த தீர்ப்பு. நீங்களாக அதற்கு விளக்கம் எழுதி அந்தக் கதவைத் திறந்துவிடாதீர்கள். ஏஜென்டுக்கு அனுப்பிய வாட்ஸ்அப்பை மட்டும் தேதி, நேரம் தெரியும்படி பத்திரப்படுத்துங்கள், செல்போனை மாற்றிவிட வேண்டாம்.

இனி ஊர்ப் பெரியவர்கள். பாலிசியில் ஒரு நிபந்தனை இருக்கிறது: நிறுவனத்தின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ, பணம் தரவோ, சமரசம் செய்யவோ கூடாது. மறுத்துவிட்ட நிறுவனம் அந்த நிபந்தனையைப் பிடித்துக்கொண்டு தொங்குவது நியாயமில்லை என்று வாதிட இடம் உண்டு. ஆனால் வாதிடும் நிலைக்கே போகாமல் இருக்கலாம். விவசாயிகளோடு ஒரு தொகைக்கு வரும் நிலை வந்தால், 'இன்ன தொகைக்கு, இன்ன காரணத்தால் முடிக்கப் போகிறோம். ஆட்சேபணை இருந்தால் 15 நாளில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வழக்கை நீங்களே எடுத்து நடத்துங்கள்' என்று நிறுவனத்துக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் உங்களுக்கு நல்லது. சமரச ஒப்பந்தத்தில் தொகை எந்தச் சேதத்துக்கு என்பது பிரித்து எழுதப்பட வேண்டும்: மஞ்சள் பயிர் இழப்பு இவ்வளவு, கிணறு இறைத்துத் தூர்வார இவ்வளவு, மாற்றுக் குடிநீருக்கு இவ்வளவு. 'எல்லாவற்றுக்குமாக 10 லட்சம்' என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கைநாட்டு வைக்கும் ஊர் வழக்கம் இங்கே உங்களுக்கு உதவாது. இதற்காகத்தான் ஒரு மாதம் பொறுக்கச் சொன்னேன்.

ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும். பாலிசி பணம் தருகிறதா இல்லையா என்பது உங்களுக்கும் நிறுவனத்துக்கும் உள்ள வழக்கு. விவசாயிகளுக்கு அதில் சம்பந்தமில்லை. அவர்கள் பசுமைத் தீர்ப்பாயம் போனால், விபத்து என்றால் உங்கள் தவறு என்று அவர்கள் நிரூபிக்க வேண்டியதே இல்லை. 2010 பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 17-வது பிரிவு அப்படித்தான். மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்பதை 1996-ல் வேலூர் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் வழக்கில் சட்டமாக்கிய உச்ச நீதிமன்றம், அதே வேலூர் விவகாரத்தில் 2025 ஜனவரியில், கெட்டுப்போன சூழல் சீராகும்வரை பொறுப்பு தொடரும் என்று மறுபடியும் அழுத்திச் சொல்லியிருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் குடிக்க முடியாமல் இருப்பவர்களுக்கு இப்போதே டேங்கர் தண்ணீர் கொடுங்கள். பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல், மனிதாபிமான உதவி என்று நிறுவனத்துக்கும் தகவல் சொல்லிவிட்டே கொடுக்கலாம். இதற்குக் கோர்ட்டு வரை காத்திருக்க வேண்டியதில்லை.

போபால் நச்சுவாயுவுக்குப் பிறகு 1991-ல் வந்த பொதுப் பொறுப்பு இன்சூரன்ஸ் சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. அபாயகரமான ரசாயனங்களை அரசு அறிவித்த அளவுக்கு மேல் கையாள்பவர்களுக்கு அது கட்டாயம். நீங்கள் இருப்பு வைக்கும் ரசாயனங்களின் அளவைப் பார்த்தால் அந்த வரம்புக்குக் கீழேதான் இருக்கிறீர்கள். எனவே இந்த வழக்கில் அது பெரிதாக உள்ளே வராது. வந்தால் விவசாயிகள் ஐந்து வருஷத்துக்குள் கலெக்டரிடமே மனு கொடுக்கலாம் என்பதை மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே கேஸ் போடுவது? உங்கள் பட்டறை குறுந்தொழிலாகப் பதிவாகியிருப்பதால் சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். செலவில்லை, 50 லட்சம்வரை அவர் உத்தரவிடலாம், உத்தரவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதி 30 நாள் காத்திருக்க வேண்டும், அதன்பின் ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும், அதே விஷயம் வேறு எங்கும் வழக்காக இருக்கக் கூடாது. அடுத்த வழி நுகர்வோர் ஆணையம். தொழிலுக்காக எடுத்த பாலிசி என்பதால் நீங்கள் நுகர்வோர் இல்லை என்ற ஆட்சேபணைக்கு 2023-ல் ஹர்சோலியா மோட்டார்ஸ் தீர்ப்பு பதில் சொல்லிவிட்டது. கேட்கும் தொகை எவ்வளவு என்றாலும், கட்டிய ப்ரீமியத்தை வைத்துத்தான் இப்போது எந்த ஆணையம் என்று முடிவாகும். ஆகவே உங்களுக்கு ஈரோடு மாவட்ட ஆணையமே போதும். கெடு இரண்டு வருஷம். சாட்சி விசாரணையும் நிபுணர் குறுக்கு விசாரணையும் நிறைய தேவைப்படும் என்று ஆணையம் நினைத்தால் சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லிவிடும் ஆபத்து உண்டு. என் யோசனை: கட்டுமானப் பொறியாளர் அறிக்கையும் வாரியத்தின் 60 நாள் விளக்கமும் கையில் வந்தபின் குறைதீர்ப்பாளர். அதற்கு முன் வேண்டாம். சர்வேயர் அறிக்கையின் முழு நகலையும் இணைப்புகளோடு கேட்டு வாங்குங்கள். அது கடைசி வார்த்தை அல்ல என்று 2009-லேயே பிரதீப் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, ஆனால் அதை உடைக்க அதைவிட நல்ல அறிக்கை ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும்.

கடைசியாக மார்ச் 31. உங்கள் பாலிசி, அதன் காலத்துக்குள் எழுப்பப்பட்ட கோரிக்கைக்கு மட்டும் பொறுப்பேற்கும் வகை. இப்போது நோட்டீஸ் அனுப்பியிருப்பது மூன்று பேர். அந்த வாய்க்காலில் இன்னும் எத்தனை தோட்டங்கள் இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அவர்கள் சித்திரையில் நோட்டீஸ் அனுப்பினால், அது புதிய பாலிசியா பழைய பாலிசியா என்று அடுத்த சண்டை ஆரம்பிக்கும். அதனால் இந்த வாரமே நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: சம்பவ தேதி, நேரம், தண்ணீர் போன வழி, பாதிக்கப்பட வாய்ப்புள்ள சர்வே எண்கள், இவற்றிலிருந்து மேலும் கோரிக்கைகள் வரலாம் என்ற அறிவிப்பு. மறுத்துவிட்டார்களே, இனி எதற்கு என்று நினைக்க வேண்டாம். புதுப்பிக்கும் விண்ணப்பத்தில் இந்தச் சம்பவத்தையும் நிராகரிப்பையும் மறைக்காமல் எழுதுங்கள். 'மாசுக்கான இணைப்பு இனி கிடையாது' என்று சொன்னால் சொல்லட்டும், வேறு நிறுவனத்தில் கேட்போம். பின்னோக்கிய தேதி என்று பாலிசியின் முதல் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கும்; அந்தத் தேதிக்கு முன் நடந்ததற்குப் பாலிசி பொறுப்பேற்காது. புதிய பாலிசியில் அங்கே பழைய பாலிசியின் அதே தேதி இருக்கிறதா என்று பார்த்த பிறகு பணத்தைக் கட்டுங்கள்.